ஹெவி மெட்டலும் புரோகிரசிவ் ராக்கும்: எட்டு ஆல்பங்களின் வழியே கேட்கப் பழகும் முறை

ஹெவி மெட்டல் கேட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன், எந்த ஆல்பத்திலிருந்து தொடங்குவது என்று விசாரிப்பவர்களுக்கு நான் ஒரே ஒரு பெயரைச் சொல்லி அனுப்புவதில்லை. கரகரத்த கிதாரும் கனத்த தாளமும் கொண்ட மெட்டலில் ஒன்றும், நீண்ட பாடல்களும் மாறும் தாளக்கணக்குகளும் கொண்ட புரோகிரசிவ் ராக்கில் ஒன்றுமாக, பெரும்பாலும் மாற்றி மாற்றி எட்டு ஆல்பங்களைச் சொல்கிறேன். ஒன்று முரட்டு இளைஞர்களுக்கு உரியது, மற்றொன்று இசை படித்தவர்களுக்கு உரியது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இசை விமர்சனம் எழுதத் தொடங்கிய காலத்தில் எனக்கும் அந்த எண்ணம்தான் இருந்தது. பல ஆண்டுகள் கேட்ட பிறகு, இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஒரே நிலத்திலிருந்து முளைத்தவை என்பதும், ஒன்றில் பழகிய காது மற்றொன்றை விரைவில் பிடித்துக்கொள்கிறது என்பதும் எனக்கு உறுதியாயிற்று.

இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. இங்கிலாந்தின் இசையமைப்பாளர் குஸ்டாவ் ஹோல்ஸ்ட் 1914-ல் எழுதத் தொடங்கிய கோள்கள் பற்றிய இசைத்தொகுப்பில், செவ்வாய்க்கு உரிய பகுதி ஐந்தெண்ணிக்கையில் நடைபோடும் போர் இசையாக அமைந்திருக்கிறது. 1969-ல் கிங் கிரிம்சன் குழு அதைத் தன் மேடைகளில் வாசித்து வந்தது. அதே ஆண்டில் பர்மிங்ஹாமில் பிளாக் சாபத் குழுவின் பேஸ் கிதார் கலைஞர் கீசர் பட்லர் அதே இசையைத் தன் கிதாரில் வாசித்துப் பார்க்க, அதைக் கேட்ட கிதார் கலைஞர் டோனி ஐயோமி மறுநாள் கொண்டுவந்த ரிஃப்தான் (திரும்பத் திரும்ப வரும் சிறு கிதார் மெட்டு) குழுவின் பெயரையே தாங்கிய பாடலாயிற்று என்று அக்குழுவினரே சொல்லியிருக்கிறார்கள். புரோகிரசிவ் ராக்கின் முதல் பெருங்குழுவும் மெட்டலின் முதல் குழுவும் ஒரே இசைப் பகுதியை வைத்துக்கொண்டு இரண்டு திசையில் போயிருக்கின்றன என்பதால், நாம் அவற்றை ஒன்றாகக் கேட்பதில் தவறே இல்லை.

கேட்க உட்காரும் முன்

முதலில் கருவியைச் சரிசெய்துகொள்ள வேண்டும். கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியால் தாழ்ந்த சுரங்களை எழுப்ப முடியாது. அதில் கேட்டால் பேஸ் கிதாரும் பேஸ் டிரம்மும் மறைந்துபோய், கிதாரின் கரகரப்பும் சிம்பலின் கலகலப்பும் மட்டுமே எஞ்சும். மெட்டல் என்றாலே வெறும் இரைச்சல் என்று முடிவு கட்டியவர்களில் பலர் அதை அப்படித்தான் கேட்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. காதை முழுமையாக மூடும் நடுத்தர விலை ஹெட்ஃபோன் போதும்.

ஒலியளவைக் கூட்டினால்தான் இந்த இசைக்கு உயிர் வரும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம். கிதாரின் ஒலி, அதைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் வழியாகப் போகும்போது அதன் மேடுபள்ளங்கள் நசுங்கி, சிறிய ஒலியும் பெரிய ஒலியும் ஒரே உயரத்துக்கு வந்துவிடுகின்றன. அதனால்தான் மெல்ல வைத்துக் கேட்டாலும் மெட்டல் கனமாக ஒலிக்கிறது. பெரியவர்கள் 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை பாதுகாப்பாகக் கேட்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. 90 டெசிபலுக்கு ஏறினால் அந்த 40 மணி நேரம் நான்காகச் சுருங்கிவிடுகிறது. வாழ்நாள் முழுவதும் கேட்க வேண்டிய இசைக்காக இப்போதே காதைப் பறிகொடுக்கக் கூடாது.

அடுத்து, செயலியில் பாடல் வரிசையைக் கலைத்துப் போடும் ஷஃபிள் வசதியையும், ஒரு பாடலின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு குழைத்துவிடும் வசதியையும் அணைத்துவிட வேண்டும்; பாடல்களை இடைவெளியின்றி ஒலிக்கச் செய்யும் வசதி இருந்தால் அதை இயக்கிக்கொள்ள வேண்டும். இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். 2000-களின் தொடக்கத்தில் ஒரு கடையில் பிங்க் ஃபிளாய்டின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தை சி.டி.யில் பதிந்து வாங்கினேன். பதிந்தவர் ஒவ்வொரு பாடலுக்கும் நடுவே இரண்டு விநாடி மௌனம் விட்டிருந்தார். ஆல்பம் அப்படித்தான் என்று எண்ணி ஓராண்டுக்கு மேல் அதையே கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு நண்பரின் வீட்டில் இசைத்தட்டில் கேட்டபோது, கடிகாரங்கள் அலறும் இடத்துக்கு முந்தைய பாடல் நிற்காமலேயே வந்து சேர்வதையும், ஒரு பாடலின் கடைசி மூச்சிலிருந்து அடுத்த பாடல் எழுவதையும் முதன்முறையாக உணர்ந்தேன். அந்தத் தட்டில் உண்மையான மௌனம் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது. அது தட்டைத் திருப்பிப் போடுகிற இடம்.

இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் தரம் குறையாமல் ஏறக்குறைய 20 முதல் 25 நிமிடம் வரைதான் பதிய முடியும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். 1970-களின் புரோகிரசிவ் குழுக்கள் நீண்ட பாடல்களை அந்த அளவுக்குள் அடக்கியதும், முதல் பக்கத்தின் கடைசிப் பாடலுக்குத் தனிக் கவனம் தந்ததும் அதனால்தான். நீங்கள் செயலியில் கேட்டாலும், பழைய ஆல்பங்களில் பக்கம் முடியும் இடத்தில் இரண்டு நிமிடம் நிறுத்தி, பிறகு தொடர்வது நல்லது.

எந்தப் பதிப்பைக் கேட்பது என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது. பழைய ஆல்பங்களைப் புதுப்பிக்கும்போது எல்லா ஒலிகளையும் ஒரே உயரத்துக்கு ஏற்றிவிடும் வழக்கம் இடைக்காலத்தில் பரவியது. அப்படி ஏற்றிய ஆல்பங்கள் பத்து நிமிடத்தில் காதைக் களைப்படையச் செய்துவிடும். புதிய ஆல்பங்களும் தப்பவில்லை; 2008-ல் வந்த மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னடிக்' இந்தக் குறைக்காகவே ரசிகர்களின் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. கிங் கிரிம்சன், யெஸ் ஆகிய குழுக்களைப் பொறுத்தவரை, இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் மூல ஒலிநாடாக்களிலிருந்து மறுகலவை செய்த பதிப்புகளைத் தயங்காமல் எடுக்கலாம். அவற்றில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியே தெரிகிறது.

ஓர் ஆல்பம், மூன்று முறை

வாரத்துக்கு ஓர் ஆல்பம் போதும். முதல் முறை எதையும் படிக்காமல், வேறு வேலை எதுவும் செய்யாமல் தொடக்கத்திலிருந்து முடிவு வரை கேளுங்கள். பிடித்ததா இல்லையா என்ற தீர்ப்பை அன்றே சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாள் கழித்து இரண்டாம் முறை கேட்கும்போது ஒரே ஒரு வாத்தியத்தைத் தேர்ந்துகொண்டு, அதன் பின்னாலேயே போங்கள். பேஸ் கிதாரைப் பின்தொடர்வதுதான் மிகுந்த பயன் தரும் என்பது என் அனுபவம். கிதார் ஓங்கி ஒலிக்கும்போது அடியில் என்ன நடக்கிறது என்பது அப்போதுதான் புலப்படும். மூன்றாம் முறை பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வரிகளை முதலிலேயே படித்துவிட்டால் இசை அவற்றின் பின்னணியாகச் சுருங்கிவிடும். கடைசியில் படித்தால், அதுவரை இசையாக மட்டும் தெரிந்த ஒரு திருப்பத்துக்குக் காரணம் கிடைக்கும்.

கையில் ஒரு சிறு குறிப்பேடு இருப்பது நல்லது. பாடலின் பெயரையும் எந்த நிமிடத்தில் என்ன மாறியது என்பதையும் மட்டும் எழுதினால் போதும். நன்றாக இருக்கிறது, சுமார் என்பன போன்ற மதிப்பீடுகள் பின்னால் யாருக்கும் பயன்படுவதில்லை. நான்காவது நிமிடத்தில் வேகம் இரட்டித்தது, டிரம்ஸ் நின்றது என்ற குறிப்புகள் பயன்படும்.

ஆல்பங்கள், கேட்க வேண்டிய வரிசையில்

முதலாவது, பிளாக் சாபத் குழுவின் பெயரையே தாங்கி 1970 பிப்ரவரி 13 அன்று வெளிவந்த முதல் ஆல்பம். பலரும் அதே ஆண்டில் வந்த 'பாரனாய்ட்' ஆல்பத்தைத்தான் முதலில் சொல்வார்கள். பாடல்களாகப் பார்த்தால் அது கூடுதல் வலிமை கொண்டது என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் ஒரு புதிய இசை பிறக்கும் கணத்தை முதல் ஆல்பத்தில்தான் கேட்க முடிகிறது. லண்டனில் ஒரே நாளில் அதன் பாடல்களைப் பதிந்து முடித்தார்கள். மழையும் இடியும் தொலைவில் ஒரு கோயில் மணியும் கேட்கின்றன. பிறகு கிதார் மூன்றே மூன்று சுரங்களை மிக மெதுவாக வைக்கிறது. மேற்கத்திய சுரப்பெயர்களில் ஜி, அதற்கு மேல் ஸ்தாயியில் உள்ள ஜி, பிறகு இறங்கி வந்து சி ஷார்ப்பில் நடுங்கி நிற்கிறது. ஜி-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் அந்தக் கடைசிச் சுரம் நமக்கு நன்கு தெரிந்த பிரதி மத்தியமம். கல்யாணியில் அவ்வளவு குளுமையாக ஒலிக்கும் அதே சுரம் இங்கே அச்சமூட்டுவதற்குக் காரணம், அதற்குத் துணையாக வேறு சுரம் எதுவும் இல்லாமல், ஸட்ஜத்துக்கு எதிரே அதைத் தனியாக நிறுத்தியிருப்பதுதான். ஆர்மோனியத்திலோ கைபேசிச் செயலியின் பியானோவிலோ இந்த மூன்று சுரங்களையும் நீங்களே அழுத்திப் பார்த்துவிட்டு ஆல்பத்துக்குத் திரும்பினால், அந்த ரிஃப்பின் எளிமையும் துணிவும் விளங்கும்.

இந்தக் குழுவின் ஒலிக்கு ஓர் உடல் காரணமும் உண்டு. டோனி ஐயோமி இடக்கையால் மீட்டுபவர். வலக்கை விரல்களால்தான் தந்திகளை அழுத்த வேண்டும். பதினேழு வயதில், தகட்டுத் தொழிற்சாலையில் அவருடைய கடைசி வேலை நாளன்று, வலக்கையின் நடுவிரல், மோதிரவிரல் இரண்டின் நுனிகளும் எந்திரத்தில் சிக்கித் துண்டாகிவிட்டன. இனி வாசிக்கவே முடியாது என்று துவண்டிருந்தவருக்கு, இரண்டு விரல்களை மட்டுமே முக்கியமாகப் பயன்படுத்தி வாசித்த ஜாஸ் கிதார் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைத் தொழிற்சாலை மேலாளர் கொண்டுவந்து கொடுத்தார். ஐயோமி பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுறைகள் செய்து, மேலே தோலை ஒட்டி, மெல்லிய தந்திகளைப் பூட்டி மீண்டும் வாசிக்கத் தொடங்கினார். 1971-ல் வந்த மூன்றாவது ஆல்பமான 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில் தந்திகளை இன்னும் தளர்த்தி, சுருதியை ஒன்றரைத் தொனி கீழே இறக்கினார். விரலுக்கு அது எளிதாக இருந்தது, ஒலியும் கனத்தது. அதன் பின் வந்த மெட்டல் குழுக்களில் எத்தனையோ குழுக்கள் சுருதியைத் தாழ்த்திக்கொள்வதற்கு இதுவே தொடக்கம்.

இரண்டாவது, 1973 மார்ச்சில் வந்த 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்'. இதை ரசிப்பதற்கு எந்தப் பயிற்சியும் தேவைப்படாது; அதனால்தான் தாளத்தை எண்ணிப் பழக இதையே பயன்படுத்தச் சொல்கிறேன். இரண்டாம் பக்கம் 'மணி' (Money, அதாவது பணம்) என்ற பாடலோடு தொடங்குகிறது. நாணயங்கள் விழுவதும் தாள் கிழிவதும் கல்லாப்பெட்டி திறப்பதுமாக ஏழு ஒலிகளை வெட்டி ஒட்டி, நாடாவை வளையமாக்கிச் சுழல விட்டிருக்கிறார்கள். அதன் மேல் பேஸ் கிதார் ஏறுகிறது. 'தகிட தகதிமி' என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே தொடையில் தட்டுங்கள். ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாபு தாளம் தெரிந்தவருக்கு இது கைவந்த கணக்கு. சாக்ஸபோனின் தனி வாசிப்பான சோலோ முடியும் வரை பெரும்பாலும் ஏழு ஓடும். கிதார் சோலோ தொடங்கியதும் உங்கள் கணக்கு திடீரென்று பிசகும். ஏனென்றால் அங்கே தாளம் நான்குக்கு மாறிவிடுகிறது. பாட்டு திரும்பும்போது ஏழும் திரும்புகிறது. கிதார் அந்த இடத்தில் ஏன் அவ்வளவு விடுதலையோடு பாய்கிறது என்பது கைக்கணக்கு பிசகிய பிறகுதான் உள்ளபடி விளங்கும்.

மூன்றாவது அயர்ன் மெய்டனின் 'பவர்ஸ்லேவ்', 1984. இரண்டு கிதார்கள் ஒரே மெட்டை வெவ்வேறு சுரத்தில் இணையாக வாசிப்பதையும், ஸ்டீவ் ஹாரிஸின் பேஸ் கிதார் 'தம்-தக தம்-தக' என்று குதிரைப் பாய்ச்சலில் ஓடுவதையும் கவனித்தால் போதும். மெட்டலைக் கண்டு அஞ்சுபவர்களின் அச்சம் இந்தக் குழுவிடம்தான் முதலில் கரைகிறது. ஆல்பத்தின் கடைசிப் பாடல் கோல்ரிட்ஜ் 1798-ல் வெளியிட்ட முதிய மாலுமியின் கதைப்பாட்டை 13 நிமிடத்துக்கு மேல் விரிக்கிறது. நடுவே எல்லாம் அடங்கி, கப்பலின் மரப்பலகைகள் முனகும் ஒலி மட்டும் கேட்கும் பகுதி புரோகிரசிவ் ராக் குழு எதற்கும் பெருமை சேர்க்கக்கூடியது. 2007 மார்ச் 17 அன்று இக்குழு பெங்களூர் அரண்மனை மைதானத்தில் வாசித்தபோது சென்னையிலிருந்து ரயிலேறிப் போனவர்களில் நானும் ஒருவன். முன்பின் அறியாத ஆயிரக்கணக்கானவர்கள் கிதாரின் மெட்டையே வார்த்தையில்லாமல் ஒரே குரலில் பாடினார்கள். மெட்டல் ரிஃப்கள் எவ்வளவு பாடத்தக்கவை என்பதை அன்று உணர்ந்தேன்.

நான்காவது, கனடாவின் ரஷ் குழு 1981-ல் வெளியிட்ட 'மூவிங் பிக்சர்ஸ்'. மூன்றே பேர், ஏழே பாடல்கள், 40 நிமிடம். இதில் 'ஒய்ஒய்ஸெட்' என்ற வாத்திய இசையைக் கட்டாயம் நிறுத்திக் கேட்க வேண்டும். அந்தப் பெயர் டொரொன்டோ விமான நிலையத்தின் குறியீட்டு எழுத்துகள். அவற்றின் மோர்ஸ் சங்கேதமே தொடக்கத் தாளமாக வருகிறது. நம் யாப்பின் சொற்களில் சொன்னால் நெடில் குறில் நெடில் நெடில், மீண்டும் நெடில் குறில் நெடில் நெடில், பிறகு நெடில் நெடில் குறில் குறில். நீல் பெர்ட் அதை முதலில் சிறு மணித்தட்டுகளில் தட்டுகிறார். பிறகு கிதாரும் பேஸும் அதே தாளத்தில் வந்து இடிக்கின்றன. இந்த வரிசையை மனப்பாடமாக முணுமுணுக்கத் தெரிந்துவிட்டால், ஒழுங்கற்ற தாளம் என்று எதையும் நினைக்கத் தோன்றாது.

ஐந்தாவது, மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்', 1986. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் பதிவானது. இதுவரை கேட்டவற்றில் வேகம் மிகுந்தது இதுதான். ஆனால் வேகத்தைப் பார்த்து மிரளாமல், ஜேம்ஸ் ஹெட்ஃபீல்டின் மீட்டும் கையை மனக்கண்ணில் கொண்டுவாருங்கள். தலைப்புப் பாடலின் ரிஃப்பை அவர் தந்தியின் மேல் கீழ்நோக்கி மட்டுமே அடித்து வாசிக்கிறார். மேலும் கீழுமாக மாற்றி அடிப்பது எளிது; கீழ்நோக்கியே அடித்தால் ஒவ்வொரு சுரமும் ஒரே அழுத்தத்தோடு சுத்தியல் போல விழும். உள்ளங்கையின் ஓரத்தால் தந்தியை மெல்ல அமுக்கிக்கொண்டு அடிப்பதால் சுரம் நீளாமல் உடனே அறுபடுகிறது. இந்த இரண்டும் சேர்ந்ததே அந்த உலோக ஒலி. எட்டரை நிமிடப் பாடலில் மூன்றரை நிமிடம் அளவில் எல்லாம் அடங்கி, தெளிந்த கிதாரும் இரட்டைக் கிதார் மெட்டும் வருகின்றன. பாடல் வரிகளில் பேசுவது போதைப்பொருள். அது தனக்கு அடிமையானவனைப் பார்த்துப் பேசுகிறது. மூன்றாம் முறை வரிகளோடு கேட்கும்போது அந்த நடுப்பகுதியின் இதம் யாருடையது என்று யோசித்துப் பாருங்கள்.

அதே ஆல்பத்தில் 'ஓரையன்' என்ற வாத்திய இசையை ஒருமுறை பேஸ் கிதாருக்காகவே கேட்க வேண்டும். கிதார் என்று நினைக்கும் சில இடங்களில் ஒலிப்பது கிளிஃப் பர்ட்டனின் பேஸ். ஆல்பம் வந்த ஆண்டிலேயே, செப்டம்பர் 27 அன்று, சுவீடனில் குழுவின் பேருந்து கவிழ்ந்து அவர் இறந்தார். அவருக்கு வயது 24.

ஆறாவதாக வைக்கும் யெஸ் குழுவின் 'குளோஸ் டு தி எட்ஜ்' (1972) பலருக்கு முதல் நிமிடங்களிலேயே தடையாக நிற்கும். நீரோடையும் பறவைகளும் ஒலித்து முடிந்ததும், வாத்தியக்காரர்கள் நால்வரும் நான்கு திசையில் ஓடுவதுபோல் ஒரு கொந்தளிப்பு. இடையிடையே குரல்கள் வெட்டென்று எழுந்து எல்லாவற்றையும் நிறுத்துகின்றன. மூன்றாவது நிமிடம் வரை பொறுத்திருங்கள். அங்கே கிதார் ஒரு தெளிவான மெட்டை எடுக்கிறது. பதினெட்டு நிமிடத்துக்கு மேல் நீளும் அந்தப் பாடல் முழுவதும் அந்த மெட்டும் அதன் உறவுகளும்தான் வெவ்வேறு உருவில் திரும்பி வருகின்றன. பன்னிரண்டாவது நிமிடத்தை ஒட்டி ரிக் வேக்மேனின் பைப் ஆர்கன் எழுகிறது. லண்டனில் உண்மையான ஒரு தேவாலயத்தின் ஆர்கனில் பதிந்த ஒலி அது. கல்மண்டபத்தின் முழக்கம் அதில் தெரிகிறது. குழு இந்தப் பாடலை ஒரே மூச்சில் வாசிக்கவில்லை. சிறு சிறு பகுதிகளாகப் பதிந்து, நாடாவை வெட்டி ஒட்டித்தான் முழுமையாக்கினார்கள். அப்படியிருந்தும் ஒரே ஓட்டமாகத் தோன்றுவதற்குக் காரணம் கிறிஸ் ஸ்குவயரின் பேஸ் கிதார் என்பது என் கணிப்பு. இரண்டாம் முறை கேட்கையில் அதை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் எந்த இடத்திலும் வழி தவறாது.

டிரம்ஸ் வாசித்த பில் புரூஃபோர்ட் இந்தப் பதிவு முடிந்ததும், குழு புகழின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த வேளையில் விலகி, கிங் கிரிம்சனில் சேர்ந்தார். அதன் பலனைத்தான் ஏழாவது ஆல்பத்தில் கேட்கப் போகிறோம்.

1974-ல் வந்த கிங் கிரிம்சனின் 'ரெட்' என் நெஞ்சுக்கு மிக நெருங்கிய ஆல்பம். அதே குழுவின் 1969-ஆம் ஆண்டு முதல் ஆல்பத்துக்கு வரலாற்று மதிப்பு கூடுதல். எனினும் மெட்டலும் புரோகிரசிவ் ராக்கும் ஒன்றையொன்று முழுமையாகச் சந்திக்கும் இடம் 'ரெட்' என்றே நம்புகிறேன். ராபர்ட் ஃபிரிப் (கிதார்), ஜான் வெட்டன் (பேஸ், குரல்), புரூஃபோர்ட் ஆகிய மூவரே மையம். ஆல்பம் கடைக்கு வருவதற்குள் ஃபிரிப் குழுவைக் கலைத்துவிட்டார். பாடலற்ற முதல் பகுதியின் கிதார் ரிஃப், பின்னால் வந்த எத்தனையோ மெட்டல் குழுக்களுக்கு முன்மாதிரி போல ஒலிக்கிறது. நான்காவதாக வரும் 'பிராவிடன்ஸ்' மேடையில் முன்திட்டமின்றி வாசித்த மனோதர்ம இசை. முதல்முறை அது பிடிபடாவிட்டால் வருந்த வேண்டாம், காதைத் திறந்து வைத்துக்கொண்டு கடந்து போகலாம்.

எல்லாம் கடைசிப் பாடலான 'ஸ்டார்லெஸ்' நோக்கியே போகின்றன. இதைத் தனியாக, விளக்கை அணைத்துவிட்டுக் கேளுங்கள். மெல்லோட்ரான் என்ற கருவியின் ஒலியோடு தொடங்குகிறது. அதன் ஒவ்வொரு கட்டைக்குக் கீழும், உண்மையான வயலின்களின் ஒலி பதிந்த நாடாத்துண்டு ஒன்று எட்டு விநாடி அளவுக்கு ஓடும். நாடா முடிந்தால் ஒலியும் முடிந்துவிடும். அந்தத் தளும்பலான தந்தி ஒலிக்கு மேல் கிதார் துயரம் தோய்ந்த மெட்டு ஒன்றை இசைக்கிறது, வெட்டன் பாடுகிறார். நான்கரை நிமிடம் அளவில் எல்லாம் ஓய்ந்து, பேஸ் கிதார் மட்டும் பதின்மூன்று எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்றை மெதுவாகத் தொடங்குகிறது. நான் அதை 'தகதிமி தகதிமி தகதகிட' என்று எண்ணிக்கொள்கிறேன். ஃபிரிப் அதன் மேல் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப அழுத்துகிறார். பிறகு சிறிது ஏறி, அங்கேயும் அதையே. புரூஃபோர்ட் முதலில் சிறு தாளக் கருவிகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தட்டுகிறார். சுற்றுக்குச் சுற்று டிரம்ஸ் நெருங்கி வருகிறது, பேஸின் ஒலி கரகரத்துத் தடிக்கிறது, சுரம் படிப்படியாக ஏறுகிறது. நான்கு நிமிடத்துக்கு மேல் இது நீடிக்கும். கேட்பவர் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிடும் நேரத்தில், ஒன்பதாவது நிமிடத்தை ஒட்டி வேகம் இரட்டித்து, சாக்ஸபோன் உடைத்துக்கொண்டு வெளிவருகிறது. முடிவில், தொடக்கத்தில் கேட்ட அந்தத் துயர மெட்டு, இப்போது எல்லா வாத்தியங்களின் முழு பலத்தோடும் திரும்புகிறது. சுரங்களில் மாற்றமில்லை. அந்த நான்கு நிமிடக் காத்திருப்பு கேட்பவரை மாற்றியிருப்பதால் மெட்டு வேறாக ஒலிக்கிறது. பன்னிரண்டு நிமிடப் பாடல் எதற்கு என்று யாரேனும் கேட்டால் இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

எட்டாவது, சுவீடனின் ஓபெத் குழு 2001-ல் வெளியிட்ட 'பிளாக்வாட்டர் பார்க்'. இதற்கு மட்டும் என் விதியை நானே தளர்த்துகிறேன். 67 நிமிட ஆல்பத்தை முதல் பாடலிலிருந்து தொடங்கினால், மிகயேல் ஆகர்ஃபெல்ட்டின் உறுமல் குரல் புதியவரை விரட்டிவிடக்கூடும். முதல் நாள் மூன்றாவது பாடலான 'ஹார்வெஸ்ட்'டை மட்டும் கேளுங்கள். உறுமலே இல்லாத, மரக்கிதாரோடு பாடும் பாட்டு அது. மறுநாள் நான்காவதான 'தி டிரேப்பரி ஃபால்ஸ்'. அது மென்குரலில் தொடங்கி, ஏறக்குறைய பாதியில் உறுமலுக்கு மாறுகிறது. அதற்குள் மெட்டு உங்களுக்குப் பழகியிருக்கும். உறுமல் என்பது சொற்களை மறைக்கும் கூச்சலாக இல்லாமல், டிஸ்டார்ஷன் ஏற்றிய கிதாரைப்போலக் குரலையும் ஒரு வாத்தியமாக்கும் முறை என்று தெரியவரும். ஒரே மனிதர்தான் இரண்டு குரலிலும் பாடுகிறார் என்பதை மறக்காமல் கேட்டால், அவை ஒன்றுக்கொன்று பதில் சொல்வதும் கேட்கும். மூன்றாம் நாள் முழு ஆல்பத்துக்குப் போகலாம்.

இந்த ஆல்பத்தின் பெயரே 1970-களின் ஒரு ஜெர்மானிய ராக் குழுவின் பெயர்தான். ஆகர்ஃபெல்ட் பழைய புரோகிரசிவ் இசைத்தட்டுகளைத் தேடிச் சேர்ப்பவர். ஒலிப்பதிவில் துணைநின்றவர் ஸ்டீவன் வில்சன், அதாவது யெஸ்ஸையும் கிங் கிரிம்சனையும் பின்னாளில் மறுகலவை செய்த அதே கலைஞர். 2009-ல் சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் விழாவில் ஓபெத் வாசித்தது என்பதை இன்றைய இளம் ரசிகர்களிடம் சொன்னால் வியந்துபோகிறார்கள்.

இதற்குப் பின் எங்கே போவது

உங்கள் குறிப்பேட்டைப் புரட்டிப் பாருங்கள். எழுதியவற்றில் பெரும்பாலானவை மெதுவான, கனமான இடங்களாக இருந்தால், 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'க்கும் அதன் பிறகு சுவீடனின் கேண்டில்மாஸ் குழுவின் 1986-ஆம் ஆண்டு முதல் ஆல்பத்துக்கும் போகலாம். தாளம் மாறும் இடங்களையே குறித்திருந்தால் டூல் குழுவின் 'லாடரலஸ்' (2001) காத்திருக்கிறது; அதன் தலைப்புப் பாடலில் அசைகளின் எண்ணிக்கை ஒன்று, ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு என்று, முந்தைய இரண்டைக் கூட்டி அடுத்த எண் வரும் ஃபிபொனாச்சி வரிசையில் ஏறி இறங்குகிறது. அதுவும் போதாதவர்கள் சுவீடனின் மெஷூகாவை நாடலாம். டிரம்ஸில் ஒரு கை நான்கெண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டிருக்க, கிதாரும் பேஸ் டிரம்மும் வேறொரு நீண்ட கணக்கில் ஓடி, பல சுற்றுக்குப் பின் சேர்ந்து விழும். கோர்வை வைத்துப் பழகிய மிருதங்க மாணவர்களுக்கு அது மிகவும் பிடிக்கும். கதை சொல்லும் ஆல்பங்களை விரும்புபவர்கள் குவீன்ஸ்ரைக்கின் 'ஆபரேஷன்: மைண்ட்கிரைம்' (1988) கேட்டுவிட்டு, டிரீம் தியேட்டரின் 'சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி'க்கு (1999) வரலாம். டிரீம் தியேட்டரை முதலிலேயே எடுக்க வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அவர்களுடைய வாசிப்புத் திறன் அளவற்றது. ஆனால் அவர்கள் எந்தெந்த மூலங்களிலிருந்து எடுத்துக் கோக்கிறார்கள் என்பது தெரியாதவருக்கு அது வெறும் விரல் வேகமாகவே தெரியும்.

ஓபெத்தின் உறுமல் பழகிவிட்டவர்கள் அமெரிக்காவின் ஃபிளோரிடாவிலிருந்து எழுந்த டெத் குழுவின் 'ஹ்யூமன்' (1991), 'சிம்பாலிக்' (1995) இரண்டையும் அதே வரிசையில் கேளுங்கள். 'ஹ்யூமன்' ஆல்பத்தில் வாசித்த பால் மாஸ்விடாலும் ஷான் ரைனர்ட்டும் 1993-ல் சினிக் என்ற தங்கள் குழுவின் பெயரில் 'ஃபோகஸ்' என்ற ஆல்பத்தை வெளியிட்டார்கள். அதில் உறுமலும் எந்திரம் கலந்த மென்குரலும் ஜாஸ் நடையும் ஒரே பாட்டுக்குள் வருகின்றன. 'ஃபோகஸ்' 36 நிமிடம்தான் ஓடும். முதல்முறை டிரம்ஸையும், அடுத்த முறை பேஸையும் பின்தொடருங்கள்.